முருகைக்கல் சிற்றாலயம் ஒன்றை வலுப்படுத்தியபோது அதன் சுண்ணாம்புப் பூச்சைக் காத்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டடம்

இந்த ஆய்வில் வரும் சிற்றாலயம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றில், கடலிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் ஒடுக்கப்பட்டிருந்த கத்தோலிக்க வழிபாடு ஆங்கிலேயர் ஆட்சியில் தடை நீங்கி, 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இங்கு வந்ததைத் தொடர்ந்து ஊருக்கு ஊர் ஆலயங்கள் எழுந்த காலத்தின் கட்டடம் அது. நீளம் 14 மீற்றர், அகலம் 6.5 மீற்றர். சுவர்கள் 55 சென்ரிமீற்றர் தடிப்பில், இரு முகங்களிலும் முருகைக்கல் (கடற்பவளப் பாறைக் கல்) வைத்து, நடுவே கல்லுடைவும் சாந்தும் இட்டு நிரப்பிக் கட்டப்பட்டவை. கூரைக்குப் பனங்கைமரமும் ஓடும். உட்சுவர் முழுவதும் சுண்ணாம்புப் பூச்சு. பீடத்துக்கு முன்னுள்ள வளைவின் இரு புறத்திலும், வளைவு தொடங்கும் உயரத்தில், திராட்சை இலையும் குலையும் கொண்ட புடைப்புப் பூச்சு வேலையும் அதன் கீழே, ஈரச் சாந்தின் மேல் தகர அச்சை இழுத்துச் செய்த அலங்கார விளிம்பும் உள்ளன. ஊரவர்கள் அதைக் "கொடி" என்றே சொல்கிறார்கள்.

தொல்பொருட் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களே தாமாகத் தொல்சின்னமாகின்றன. இது அதற்குப் பிற்பட்டது, வர்த்தமானியிலும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே பூச்சைக் காக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்திலிருந்து வரவில்லை. பங்கு மக்கள் "கொடி போகக்கூடாது" என்று கேட்டுக்கொண்டதாலேயே பூச்சுக்குப் பொறுப்பாக நான் அழைக்கப்பட்டேன். வலுப்படுத்தும் திட்டம் அதற்கு முன்பே வரையப்பட்டிருந்தது. இந்த ஒழுங்கின் விளைவைக் கீழே பல இடங்களில் காணலாம்.

முதலில் கண்டவை

மாரி ஓய்ந்த ஜனவரியில் முதலாவது ஆய்வு நடந்தது. முகப்புச் சுவரின் முக்கோண முகடு வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது ஆறு மீற்றர் உயரத்தில் 38 மில்லிமீற்றர் விலகல் தெரிந்தது. முகப்பும் வடக்கு நெடுஞ்சுவரும் சந்திக்கும் மூலையில் நிலைக்குத்தான வெடிப்பு ஒன்று மேலே 11 மில்லிமீற்றர் அகலத்தில் தொடங்கி, ஆள் உயரத்துக்கு வரும்போது மயிரிழையாகி மறைந்தது. மேலே அகன்று கீழே ஒடுங்கும் வெடிப்பு, அத்திவாரம் இறங்கியதைவிட, சுவர்த்தலை வெளியே தள்ளப்பட்டதையே பெரும்பாலும் காட்டும். கூரைக்குள் ஏறிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நெடுஞ்சுவர்களை இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய குறுக்கு வளைகளில் இரண்டின் முனைகளைக் கறையான் அரித்திருந்தது; கைமரங்களின் தள்ளுவிசை முழுவதும் சுவர்த்தலையில் ஏறியிருந்தது.

இரண்டாவது பிரச்சினை கீழே இருந்தது. போருக்குப் பிந்திய திருத்தம் ஒன்றில், சுவரின் அடியில் 1.2 மீற்றர் உயரத்துக்கு உள்ளும் புறமும் சீமெந்து பூசி, அதன் மேல் எமல்ஷன் அடித்திருந்தார்கள். நல்ல எண்ணத்துடன் செய்ததுதான். அந்நாளில் கிடைத்த பொருளும் தெரிந்த வேலையும் அதுவே. ஆனால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சீமெந்தின் ஊடாக வெளியேற முடியாமல் மேலே ஏறி, சீமெந்து முடியும் கோட்டுக்குச் சற்று மேலே பழைய சுண்ணாம்பின் வழியாக வெளியேறியது. வெளியேறும் இடத்தில் உப்பு படிகமாகிப் பூச்சை மாவாக்கியது. சுற்றிவர ஒரு சாண் அகலத்தில் விரல் பட்டாலே உதிரும் பட்டி ஒன்று உண்டாகியிருந்தது.

வந்த திட்டமும் அதை மாற்றிய காரணமும்

வடிவமைப்புப் பொறியியலாளர் முதலில் தந்த திட்டம், நிலநடுக்கம் மிகுந்த நாடுகளில் கற்கட்டடங்களுக்குச் செய்யும் முறையைத் தழுவியது: உட்பூச்சையும் வெளிப்பூச்சையும் முழுவதுமாக அகற்றி, இரு முகத்திலும் கம்பிவலை விரித்து 40 மில்லிமீற்றர் சீமெந்துச் சாந்து பூசுவது, சுவர்த்தலையைச் சுற்றிக் கொங்கிறீற்று வளையம் வார்ப்பது, நெடுஞ்சுவர்களை நான்கு குறுக்குக் கம்பிகளால் பிணைப்பது. இலங்கை புவித்தட்டு எல்லை எதிலும் இல்லை. ஆயினும் 1615இல் கொழும்பில் நிலநடுக்கம் நேர்ந்ததாகப் பதிவு உண்டு; 1964 டிசம்பர்ச் சூறாவளி போன்ற காற்று இந்தக் கரைக்குப் புதிதுமல்ல. பக்கவாட்டு விசை எதுவாயினும் முதலில் கழன்று விழுவது கூரையோடு பிணைக்கப்படாத முகட்டுச் சுவர்தான். குஜராத்தில் 2001இலும் நேபாளத்தில் 2015இலும் நிலநடுக்கத்துக்குப் பின் எடுத்த படங்களில் இத்தகைய முகட்டுச் சரிவுகளைத் திரும்பத் திரும்பக் காணலாம். ஆகவே சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. வேறுபாடு பிணைக்கும் முறையில்தான் இருந்தது.

நான் வைத்த மறுப்புகள் மூன்று. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் மென்மையானவை. அவற்றின் மேல் ஒட்டிய விறைப்பான சீமெந்துத் தோல் சுவரோடு சேர்ந்து அசையாது, நாளடைவில் பிரிந்து நிற்கும். கடல் உப்பு ஊறிய சுவரில் சாதாரண இரும்புவலை துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே சாந்தைப் பிளக்கும். அடிச்சுவரில் 1.2 மீற்றர் உயரத்துக்குச் சீமெந்து செய்த கேட்டை, புதிய திட்டம் கூரை வரை செய்யும். பொறியியலாளர் முதலிரண்டையும் கணக்குப் பார்க்கலாம் என்றார். மூன்றாவதை, உதிர்ந்துகொண்டிருந்த பட்டியைக் கையால் தொட்டுப் பார்த்த பின் ஏற்றுக்கொண்டார்.

மாற்றுத் திட்டம் பின்வருமாறு அமைந்தது. நெடுஞ்சுவர்களைக் குறுக்கே பிணைக்க, குறுக்கு வளைகளின் பக்கத்தில் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகள் நான்கு. முகப்பை நெடுஞ்சுவர்களோடு தைக்க, முகப்பின் வெளிமுகத்திலிருந்து சுவரின் நடுவழியே 2.4 மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு, மூலைக்கு ஐந்தாக மொத்தம் பத்துக் கம்பிகள். சுவரின் உள்வெற்றிடங்களை நிரப்ப ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்புக் கூழ். சுவர்த்தலையில் கொங்கிறீற்றுக்குப் பதிலாகப் புதிய மரமும் அதைச் சுவரோடு பிடிக்கும் ஆணிக்கம்பிகளும். கம்பிகளின் முனைத்தகடுகளைப் பூச்சுக்குள் புதைப்பதா வெளியே விடுவதா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். புதைப்பதாயின் ஒவ்வொரு தகட்டுக்கும் நல்ல பூச்சை வெட்ட வேண்டும். பின்னர் தகட்டைப் பரிசோதிக்கவும் முடியாது. வெளியே விட்டோம். அழகாக இல்லை என்று சிலர் சொன்னது உண்மை.

தட்டிப் பார்த்துப் பதிந்தது

துளைபோடும் இயந்திரம் வருமுன் பூச்சு முழுவதையும் பதிந்தோம். இந்த வேலைக்கு எழுபது வயதைக் கடந்த மேசன் ஒருவர் கிடைத்தார். காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு சுண்ணாம்பு வேலை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. சிறுவனாகத் தகப்பனுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்த பழக்கமே அவரிடம் எஞ்சியிருந்தது. அதற்குப் பின் அவர் செய்த வேலை முழுவதும் சீமெந்துதான் என்பதை அவரே முதல் நாளில் சொல்லிவிட்டார்.

சுவரில் நூல் பிடித்து ஓரடிக்கு ஓரடி கட்டங்கள் குறித்தோம். அவர் ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் விரல் முட்டியாலும் பின்னர் கரண்டியின் மரப்பிடியாலும் தட்டினார். நான் பிளாஸ்ரிக் தாளில் குறித்தேன். "இது பிடிச்சிருக்கு, தம்பி. இஞ்ச விட்டிட்டுது. இது விட்டிட்டுது, ஆனா விழாது." இந்த மூன்று சொற்றொடர்களே எங்கள் மூன்று வகைகளாயின. 212 சதுர மீற்றர் உட்பூச்சில் 131 பிடித்திருந்தது. 49 கல்லை விட்டிருந்தும் தாங்கி நின்றது. 32 காக்க முடியாதது, அதில் பெரும்பகுதி சீமெந்து. பழைய திட்டப்படி இந்த 212உம் குப்பையாகப் போயிருக்கும்.

உடைந்த விளிம்புகளில் பூச்சு மூன்று அடுக்காகத் தெரிந்தது: ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் தடிப்பில் ஓட்டுத்தூளும் சிப்பித் துண்டும் கலந்த கரடான முதற்பூச்சு, அதன் மேல் 7 மில்லிமீற்றர் நடுப்பூச்சு, இறுதியில் முட்டையோடு போன்ற 2 மில்லிமீற்றர் மேற்பூச்சு. மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அமிலத்தில் கரைத்துப் பார்த்ததில் சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு ஒன்று என்று விடை வந்தது. அந்த எண்ணை நாங்கள் நம்பவில்லை. கரையோர மணலில் சிப்பியும் முருகையும் கலந்திருக்கும். அவையும் கல்சியம் காபனேற்றாதலால் சுண்ணாம்போடு சேர்ந்து அமிலத்தில் கரைந்துவிடும். அதனால் மணல் குறைவாகவும் சுண்ணாம்பு கூடுதலாகவும் தோன்றும். உடைந்த முகத்தைக் கைவில்லையால் பார்த்து மணிகளின் அளவை ஒப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டரை என்ற கலவையை முதற்பூச்சுக்கு எடுத்தோம்.

இளம் மேசன்மார் இருவரை ஒரு நாள் யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிச் சென்றேன். 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் அங்கே போரில் இடிந்தது. இடிந்த முருகைக்கற் கட்டில்தான் சுவரின் உள்ளமைப்பை நேரே காட்ட முடியும்: முகக்கல், நடு நிரப்பு, மறு முகக்கல். நிரப்புக்குள் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருப்பதைக் கண்ட பின், கூழ் எங்கே போகும் என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கம் எனக்கே தேவைப்பட்டது என்பது பின்னால் தெரிந்தது.

சுண்ணாம்பு

திட்டம் ஒப்பப்படுமுன் செய்த முதற் செலவு சுண்ணாம்புக்கானது. கடற்கரை வலயத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. மாற்றுக் கற்களை ஆலயத்தின் இடிந்த மதிலிலிருந்தே எடுத்தோம். சுண்ணாம்புக்கு, சிப்பியைச் சுட்டெடுத்த நீறாத கட்டிகளை வாங்கினோம். கடையில் பையில் விற்கும் தூள் காற்றுப்பட்டு ஏற்கெனவே பாதி பழைய கல்லாக மாறியிருப்பது வழக்கம். அதைத் தண்ணீரில் கரைத்தால் வெள்ளையடிக்க உதவும், பூச்சுக்கு உதவாது.

நீற்றும் தண்ணீரில் ஒரு தவறு நேர இருந்தது. ஆலயக் கிணறு உவர். முதல் நாள் அதிலிருந்துதான் அள்ளத் தொடங்கினார்கள். மேசன் ஐயா ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுத் துப்பிவிட்டு, "சுவருக்க இருக்கிற உப்புப் போதாதெண்டு நாங்களும் போடுறமோ?" என்று கேட்டார். வேலை நின்றது, ஊரின் உட்புறத்து நன்னீர்க் கிணறு ஒன்றிலிருந்து பவுசரில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. கட்டிகள் தொட்டியில் கொதித்து நீறியதும் அரிதட்டில் வடித்து, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். ஜனவரி இறுதியில் நீற்றியதை ஜூன் வரை எவரும் தொடவில்லை.

கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டியும் சேர்க்க வேண்டும் என்பது ஐயாவின் நினைவு. நினைவை மறுக்கவும் முடியாது, அளவு தெரியாமல் ஏற்கவும் முடியாது. பின்மதிலில் நான்கு மாதிரிக் கட்டங்கள் பூசினோம். பனங்கட்டி கூடுதலாகச் சேர்த்த கட்டம் வெண்ணெய்போல் இழுபட்டது. ஆனால் நான்கு கிழமை கழித்தும் நகம் பதிந்தது, எறும்பும் மொய்த்தது. பாதி அளவு சேர்த்தது நன்றாக இறுகியது. அந்தப் பாதி அளவை மேற்பூச்சுக்கு மட்டும் எடுத்தோம். மணலும் சிக்கலே. வடமராட்சி கிழக்கின் குன்று மணல் ஒரே அளவான நுண்மணியாதலால் தனியே பூசினால் வெடிக்கிறது. பருமணல் ஒரு பங்கு கலந்த பின்னரே சீராயிற்று.

கம்பிகள்

மார்ச்சில் கூரை ஓடுகள் இறக்கப்பட்டுக் குறுக்கு வளைகள் மாற்றப்பட்டன. துளைகளை, தட்டாமல் சுழன்று மட்டும் துளைக்கும் இயந்திரத்தால், தண்ணீர் விடாமல் இட்டோம். தண்ணீர் விட்டால் வேகம் வரும். ஆனால் சுவருக்குள் இறங்கும் நீர் உட்பூச்சின் பின்புறம் வழியாகவே வெளியேறும். பத்துத் துளைக்குப் பதினொரு நாள் சென்றது. அந்நாட்களில் பூச்சில் உதிர்ந்தது ஓர் உள்ளங்கை அளவுதான். இதைப் பற்றி வேறு சொல்ல எதுவுமில்லை.

அலங்கார விளிம்பு விழுந்தது

ஏப்ரல் இறுதியில் பீட வளைவுச் சுவருக்குக் கூழ் ஏற்றத் தொடங்கினோம். முறை எளியது: சாரத்தில் உயரத்தில் வைத்த வாளியிலிருந்து குழாய் வழியே, அரை மீற்றர் உயரத்துக்கு ஒரு கட்டமாகக் கூழை இறக்கி, அது இறுகிய மறுநாள் அடுத்த கட்டத்துக்குப் போவது. விட்டிருந்த பூச்சின் மேல் மெல்லிய பருத்தித் துணியை மெதைல் செல்லுலோஸ் பசையால் ஒட்டினோம். அரிசிக் கஞ்சியை ஐயா முன்மொழிந்தார். பூஞ்சணம் பிடிக்கும் என்று தவிர்த்தோம். அலங்கார விளிம்பின் அடியில் தும்பு மெத்தை வைத்த பலகைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். வலப்புறத்து விளிம்பில் 1.3 மீற்றர் நீளத்தைத் தட்டியபோது திண்மையான ஒலி வந்தது. அங்கே முட்டுத் தேவையில்லை என்று தீர்மானித்தவன் நான்.

பெருநாள் செப்டெம்பரில். வேலை இரண்டு கிழமை பிந்தியிருந்தது. விளிம்பு விழுந்த அன்று காலை இரண்டு கட்டங்களை ஒன்றாக ஏற்றும்படி கேட்கப்பட்டபோது நான் மறுக்கவில்லை. மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், விளிம்பின் அந்த 1.3 மீற்றர் முழுவதும் சுவரை விட்டுப் பெயர்ந்து சாரப் பலகையில் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

விழுந்தது பதினேழு துண்டுகளாகக் கிடந்தது. அவற்றைப் பின்புறம் திருப்பி வைத்துப் பார்த்தபோது நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடியது. பெருவிரல் நுழையும் அகலம். அதன் சுவரில் பனை நாரின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. பழைய மேசன்மார் விளிம்பின் பாரத்தைத் தாங்க உள்ளே பனஞ்சலாகை ஒன்றைப் படுக்க வைத்துப் பூசியிருக்கிறார்கள். கறையான் சலாகையைத் தின்று முடித்து, அதன் வடிவத்தை வெறும் குழாயாக விட்டுச் சென்றிருந்தது. முன்னால் இருந்த பூச்சு 60 மில்லிமீற்றர் தடிப்பாதலால் தட்டும்போது திண்மையாக ஒலித்தது. கூழ் அந்தக் குழாய்க்குள் புகுந்து முழு நீளத்தையும் நிரப்பிச் சுவரிலிருந்து தள்ளியிருந்தது. நாங்கள் ஏற்றிய கூழ் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு பாரமானது. ஒரு மீற்றர் உயரமான நிரல் அதன் அடியில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1.6 தொன் அழுத்தம் கொடுக்கும். அரை மீற்றராக நிறுத்தியிருந்தால் அதில் பாதி. பாதி அழுத்தத்தில் விளிம்பு நின்றிருக்குமா என்பதற்கு உறுதி இல்லை. முட்டு இருந்திருந்தால் நின்றிருக்கும்.

கூழ் வேலை நிறுத்தப்பட்டது. பங்குத்தந்தைக்கும் பங்குச் சபைக்கும் அன்று மாலையே நடந்ததைச் சொன்னோம். ஐயா, "சுவாமி, உடைஞ்சது நல்லாத்தான் உடைஞ்சிருக்கு, பொருத்தலாம்" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை அன்று என்பது பின்னர் தெரிந்தது. பங்குத்தந்தை கேட்டது ஒன்றையே: அவசரம் எங்களால் வந்ததா? ஆம் என்று சொல்வது கடினமாக இருந்தது. எனினும் பெருநாள் தேதியைக் கணக்கில் எடுத்துத்தான் இரண்டு கட்டங்களை ஏற்றினோம் என்று சொன்னேன். பெருநாள் திருப்பலியை முற்றத்தில் பந்தலிட்டு நடத்துவதென்று சபை அந்தக் கிழமையே முடிவு செய்தது. வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த முடிவுதான்.

இடப்புற விளிம்பிலும் அதே சலாகை இருக்கும் என்று கருதி, கண்ணுக்குப் படாத அடிப்புறத்தில் மூன்று சிறு துளைகள் இட்டுக் கைத்தொலைபேசியோடு இணைக்கும் கம்பிக் கமெராவை விட்டுப் பார்த்தோம். குழாய் இருந்தது, சலாகையின் ஒரு முனை மட்டும் மிஞ்சியிருந்தது. முழு நீளத்துக்கும் முட்டுக் கொடுத்து, அக்குழாயைத் தனியே, மெல்லிய கூழால், ஒரு கோப்பை ஒரு கோப்பையாக நான்கு நாளில் நிரப்பிய பிறகே சுவரின் கூழ் வேலை தொடர்ந்தது.

மீளப் பூசியது

விழுந்த பதினேழு துண்டுகளில் பதினொன்று திரும்பவும் சுவருக்குப் போயின. ஒவ்வொன்றின் பின்புறத்தையும் துடைத்து ஈரமாக்கி, பனஞ்சலாகைக்குப் பதிலாக மெல்லிய துருப்பிடிக்காத கம்பியைச் சுவரில் பதித்து, ஓட்டுத்தூள் கலந்த சாந்தால் ஒட்டினோம். இடைவெளிகளை அச்சு இழுத்து நிரப்ப, இடப்புற விளிம்பின் வெட்டுமுகத்தைக் கடதாசியில் எடுத்துத் தகரத்தில் வெட்டினோம். அங்கேதான் ஒன்று தெரிந்தது: வலமும் இடமும் ஒரே அச்சு அல்ல. வலப்புறத்துக் குழிவு மூன்று மில்லிமீற்றர் ஆழம் கூடியது. இரண்டு மேசன்மார் ஆளுக்கொரு பக்கம் தமக்குத் தாமே அச்சு வெட்டியிருக்க வேண்டும். வலப்புறத் துண்டுகளிலிருந்தே இரண்டாவது தகரம் வெட்டப்பட்டது.

ஜூன் மாதம் பூச்சு வேலைக்கு உகந்ததல்ல. சோளகக் காற்று வீசத் தொடங்கினால் குடாநாட்டில் ஈரத்துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். தெற்கு ஜன்னல்களின் அருகே முதலாவதாகப் பூசிய இரண்டு திட்டுகளும் மூன்றாம் நாள் வலைபோல் வெடித்தன. சுண்ணாம்பு இறுகுவது நீர் வற்றுவதால் அன்று. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஈரத்தின் ஊடாக உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாவதால். நீர் முந்திப் போய்விட்டால் அந்த மாற்றம் நின்றுவிடும். இரண்டு திட்டுகளையும் சுரண்டி எடுத்தோம். பின்னர் ஜன்னல்களுக்குக் கிடுகுத் தட்டி கட்டி, பூசிய இடத்தின் முன்னே நனைந்த சாக்குத் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று முறை பத்து நாள் நீர் தெளித்தோம்; அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் இரண்டு கிழமை விட்டோம். முதற்பூச்சில் நறுக்கிய தேங்காய்த் தும்பு கலந்தோம். அதற்குப் பின் வெடித்தவை மயிரிழைகளே. மட்டப்பலகையால் மீண்டும் அழுத்தியபோது மூடிக்கொண்டன.

அடிச்சுவரின் சீமெந்து உள்ளும் புறமும் அகற்றப்பட்டது. உள்ளே இருந்த கல் ஓகஸ்ட்டிலும் கைக்குக் குளிர்ந்தது. உடனே நல்ல பூச்சுப் பூசாமல், உப்பை இழுத்துக்கொண்டு தான் அழிவதற்கென்றே மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசினோம். "பூசுறதே விழட்டும் எண்டோ?" என்று இளம் மேசன் ஒருவர் சிரித்தார். கேள்வி நியாயமானது, அந்தப் பூச்சுக்குக் கூலி கேட்டபோது கணக்காளரும் அதையே கேட்டார்.

ஒரு மாரிக்குப் பின்

வேலை ஒக்டோபர் முதற் கிழமையில் முடிந்தது. அடுத்த ஜனவரியில் சுவரைத் திரும்பப் பார்த்தோம். மூலை வெடிப்பில் பதித்த அளவுகோல் 0.3 மில்லிமீற்றருக்கு மேல் அசைவு காட்டவில்லை. முகட்டின் சாய்வு கூடவில்லை. மறைவான இடமொன்றில் புதிய பூச்சைச் சிறிது வெட்டி, பினோப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்தபோது வெளிப்புறம் 6 மில்லிமீற்றர் நிறம் மாறாமல் நின்றது. அதற்கு உள்ளே இளஞ்சிவப்பாகியது. அதாவது உட்புறச் சுண்ணாம்பு இன்னும் கல்லாகிக்கொண்டிருந்தது. பழைய பூச்சும் புதியதும் சேரும் இடத்தில் இரண்டு மயிரிழை வெடிப்புகள் இருந்தன. இரண்டும் கூரைக்கருகே, குறுக்குக் கம்பிகளின் நேரே. வடக்குச் சுவரின் அடியில், அழிவதற்கென்று பூசிய பட்டியில், வெள்ளைப் பஞ்சுபோல் உப்புப் பூத்திருந்தது. அதை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கழுவினால் சுவருக்குள்ளேயே திரும்பிவிடும். ஆலயத்தைத் துப்புரவாக்குபவருக்கு இதைச் செய்து காட்டினோம். தெற்குச் சுவரில் உப்பு இல்லை.

மாற்றிச் செய்வதாயின்

தட்டிப் பார்ப்பது தடிப்பான வேலைக்குப் போதாது. 30 மில்லிமீற்றருக்கு மேல் புடைத்த எதையும் கமெராவால் பார்த்த பின்பே கூழை ஏற்றுவேன். ஒலி எப்படியிருந்தாலும் முட்டுக் கொடுப்பேன். இந்தக் குடாநாட்டில் பழைய பூச்சுக்குள் பனை இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கூரையில் பனை, கதவு நிலையில் பனை, சாந்து அள்ளும் கடகத்தில் பனை என்று சுற்றிவர இருந்தும் சுவருக்குள் தேடவில்லை.

ஒரு நாளுக்கு அரை மீற்றர் என்ற கட்டத்தை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக இருந்ததால் அது பெருநாளோடு பேரம் பேசப்படும் விடயமாயிற்று.

வேலையின் வரிசையை முழுவதும் மாற்றுவேன். சுண்ணாம்பை முந்திய ஓகஸ்ட்டிலேயே நீற்றி, கம்பி வேலையை மாரிக்கு முன் முடித்து, பூச்சைப் பனி விழும் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் செய்திருந்தால் சாக்கும் கிடுகும் பாதியாகக் குறைந்திருக்கும். இதற்கு, திட்டம் வரையும் முதல் நாளில் பூச்சுக்காரர் பொறியியலாளரின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் வந்தபோது நான்கு குறுக்குக் கம்பிகளின் இடங்கள் குறித்து முடிந்திருந்தன. அவற்றில் ஒன்றை அரை மீற்றர் நகர்த்தியிருந்தால் பிடித்திருந்த பூச்சு இரண்டு சதுர மீற்றரை வெட்டியிருக்கத் தேவையில்லை. நகர்த்துவதால் கணக்கில் பெரிய மாற்றம் வந்திராது என்று பொறியியலாளரே பின்னர் சொன்னார்.

அழியும் பூச்சுக்கான செலவை ஒருமுறைச் செலவாகக் காட்டியது தவறு. அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் பூசப்பட வேண்டியது. ஆலயக் கணக்கில் அதற்கு இன்னும் தனித் தலைப்பு இல்லை.

திரும்பப் பொருத்த முடியாத ஆறு துண்டுகளையும், வலம், இடம் என்று கீறிய இரண்டு அச்சுத் தகரங்களையும் தட்டிப் பார்த்த வரைபடத் தாள்களோடு திருப்பண்ட அறையில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம். தொட்டியில் மிஞ்சிய சுண்ணாம்பு இரண்டு பீப்பாய். அதன் மேல் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதாக இளம் மேசன்மாரில் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார்.